சண்டை தானாக வளரும், ஸ்கில் வளராது: மலைக்காட்டில் டி&டி ஐந்தாம் பதிப்பு

ஆளுக்கொரு கேரக்டராகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி&டி) ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்து, கொடைக்கானல் மலைகளைக் களமாக்கி நெடுநாளாக ஆடிவருகிறோம். பேரிஜம், மதிகெட்டான் சோலைப் பக்கம் கதை போனால் எதிரி பெரும்பாலும் மூடுபனியும் தப்பிப்போகும் வழியும்தான். சண்டைக்கென்றே செதுக்கிய கேரக்டர் அங்கே திணறிப்போகும்.

காரணம் விதியிலேயே இருக்கிறது. லெவல் ஏறினால் சண்டை வீரரான ஃபைட்டருக்கு ஹிட் பாயிண்ட் (அடி தாங்கும் அளவு) தானாகக் கூடும். 5-ஆம் லெவலில் இரண்டாவது அடியும் வந்துவிடும். ஸ்கிலோ (ஒளிவது, வழி கண்டுபிடிப்பது போன்ற திறமை) கிளாஸில் (கேரக்டரின் தொழில்) 2, பேக்ரவுண்டில் (முன்கதை) 2, பெரும்பாலும் அதோடு சரி. திருடன் வகையான ரோக்குக்கு மட்டும் கிளாஸிலேயே 4.

அதைவிடப் பெரிய சிக்கல் பகடையில். 20 முகப் பகடையில் விழும் எண்ணோடு போனஸைக் கூட்டி இலக்கை எட்ட வேண்டும். தாக்குதலில் +5 உள்ளவர் ஆர்மர் கிளாஸ் (எதிரியை அடிக்க எட்ட வேண்டிய எண்) 13-ஐ 65% தடவை அடிப்பார், தவறினால் அடுத்த சுற்று இருக்கிறது. சோலைக்குள் வழி கண்டுபிடிக்க ஒரே ஒரு உருட்டல். விஸ்டம் (கவனக்கூர்மை) 8, அதாவது -1, சர்வைவல் (காட்டில் சமாளிக்கும் ஸ்கில்) தேர்ச்சியும் இல்லை என்றால் டிசி (ஸ்கில் உருட்டலில் எட்ட வேண்டிய எண்) 15-க்கு பகடையில் 16 விழ வேண்டும்: 25%. தேர்ச்சி எடுத்தாலும் (தொடக்கத்தில் +2) 35%தான். ஆகவே கேரக்டரின் ஆறு அடிப்படைத் தன்மைகளுக்கு 15, 14, 13, 12, 10, 8 என்ற எண்களைப் பங்கிடும்போது அந்த 8-ஐ விஸ்டமில் தள்ளவே தள்ளாதீர்கள். சுற்றிலும் கவனிக்கும் ஸ்கிலான பெர்செப்ஷனும் அதோடு சேர்ந்து படுத்துவிடும்.

ஒளிந்து போகும் கட்டத்தைக் கவனியுங்கள். பாதையோரம் காட்டுமாட்டுக் கூட்டம் மேய்கிறது, நால்வர் சத்தமில்லாமல் கடக்க வேண்டும். எல்லோருக்கும் ஸ்டெல்த் (ஒளிந்து நகரும் ஸ்கில்) +5, டிசி 15, ஆளுக்கு 55%. ஒருவர் தவறினாலும் மாட்டிக்கொள்வீர்கள் என்று டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) வைத்தால் நால்வரும் தப்பிக்க வாய்ப்பு சுமார் 9%. பாதிப் பேர் ஜெயித்தால் போதும் என்கிற குரூப் செக் விதி புத்தகத்திலேயே இருக்கிறது. அதை எடுத்தால் 76%. டிஎம் இதை மறந்தால் ஸ்டெல்த் எடுத்தவர்கள் ஏமாந்து, அடுத்த கேரக்டரில் கோடரியைத்தான் தூக்குவார்கள். செயின் மெயில் (இரும்பு வளையக் கவசம்) போட்டவருக்கு ஸ்டெல்த்தில் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) வேறு. அவரையும் கூட்டிப்போக இந்த விதிதான் வழி.

திகில் புலனாய்வு ஆட்டமான கால் ஆஃப் கதுல்ஹு ஏழாம் பதிப்பில் கணக்கே வேறு. துப்பாக்கியும் நூலகத் தேடலும் ஒரே புள்ளிப் பையிலிருந்து வரும். ஹேண்ட்கன், லைப்ரரி யூஸ் இரண்டும் 20-இல் தொடங்கும். இரண்டையும் 60-க்குக் கொண்டுபோக 80 புள்ளி கரையும். தேடலில் தோற்றால் ஆபத்தை ஏற்று மறுபடி உருட்டலாம், சண்டையில் அந்தச் சலுகை கிடையாது. புலனாய்வுக் கதைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

ஐந்தாம் பதிப்பிலேயே இருக்க விரும்பும் ஃபைட்டருக்கு 6-ஆம் லெவலில் கூடுதலாக ஒரு அடிப்படைத் தன்மை ஏற்றம் கிடைக்கும். டிஎம் ஃபீட் (அந்த ஏற்றத்துக்குப் பதில் எடுக்கும் சிறப்புத் திறன்) அனுமதித்தால் அங்கே ஸ்கில்ட் என்ற ஃபீட்டை எடுங்கள்: சர்வைவல், ஸ்டெல்த், அனிமல் ஹேண்ட்லிங் மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடும். அத்லெட்டிக்ஸை முதல் லெவலிலேயே எடுத்துவிடுங்கள். பாறை ஏற வாள் வீசும் அதே ஸ்ட்ரென்த் போதும்.