கிரானைட் அறுப்பவர்களுக்கு 3எம் 6200 மாஸ்க்: வாங்கலாம், முகத்துக்கு அளவு பார்த்து

சமையல் மேடைக்குக் கிரானைட் அறுக்கும் இடங்களில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பது இன்னும் மாறவில்லை. துண்டு பெரிய துகளைத்தான் தடுக்கும். சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் கொண்டுவருவது கல்லில் இருக்கும் சிலிகா என்ற கனிமத்தின் கண்ணுக்குத் தெரியாத பொடித் தூசி, ஏறக்குறைய 4 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியது. அது துணியைத் தாண்டி நுரையீரலின் அடிவரை போகும். வந்தபின் குணப்படுத்த மருந்தில்லாத நோய் அது. அதனால் ஃபில்டர் மாற்றிப் பயன்படுத்தும் இந்த அரைமுக மாஸ்க்குக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

முதலில் அளவு. 6100 சிறியது, 6200 நடுத்தரம், 6300 பெரியது. கடைக்காரர் அளவு கேட்காமல் 6200-ஐ எடுத்துக் கொடுத்தால் அப்படியே வாங்க வேண்டாம். ஒடுங்கிய முகத்தில் அது மூக்குத்தண்டின் ஓரத்தில் இடைவெளி விடும். போட்டதும் இரண்டு சோதனை செய்யுங்கள். முன்னால் இருக்கும் வால்வு மூடியை உள்ளங்கையால் பொத்தி மெதுவாக மூச்சு விட்டால் மாஸ்க் லேசாக உப்ப வேண்டும். மெத்தை ஃபில்டர் என்றால் இரண்டின் நடுவையும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, பிளாஸ்டிக் கூடு உள்ளது என்றால் காற்று நுழையும் திறப்பை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தால் முகத்தோடு உள்வாங்கி அப்படியே நிற்க வேண்டும். ஓரத்தில் காற்று கசிந்தால் பட்டையைச் சரிசெய்து மறுபடி பாருங்கள். இழுத்து இறுக்கினால் விளிம்பு மடிந்து இன்னும் கசியும். தாடி, ஒருநாள் முள்முடி, வியர்வைக்காக உள்ளே வைக்கும் கைக்குட்டை எல்லாமே தூசிக்குத் திறந்த வாசல்.

ஃபில்டரில் 2091 பி100 வகை, நுண்துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனால் வட்டமான அந்த மெத்தை ஃபில்டரில் சேற்றுநீர் தெறிக்கும், கிரைண்டர் பொறி பட்டால் ஓட்டை விழும். அதே பி100-ஐ பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்த 7093 பட்டறைக்குப் பொருத்தம். விலை கூடுதல்தான், ஆனாலும் அறுப்பவருக்கு அதைத்தான் சொல்வோம். எந்த ஃபில்டரையும் கழுவக் கூடாது, கம்ப்ரசர் காற்றால் ஊதவும் கூடாது. இழை கிழிந்து தூசி உள்ளே வரும். மூச்சிழுக்கச் சிரமமானால் மாற்ற வேண்டியதுதான்.

இந்த மாஸ்க்கின் எல்லை எது என்பதுதான் பலரும் கேட்காத கேள்வி. அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா அரைமுக மாஸ்க்குக்குத் தரும் பாதுகாப்பு எண் 10. சரியாகப் பொருந்தினால் வெளியே உள்ள தூசியில் பத்தில் ஒரு பங்குவரை உள்ளே வரலாம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். 8 மணி நேரச் சராசரிக்கு அவர்கள் வைத்திருக்கும் சிலிகா வரம்பு கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம். தண்ணீர் விடாமல் அறைக்குள் அறுத்தால் தூசி அந்த வரம்பைப் பத்து மடங்குக்கும் மேல் தாண்டிப் போகலாம். அப்போது பி100 மாட்டியிருந்தாலும் போதாது. பிளேடு மேல் ஓயாமல் தண்ணீர் விழும் கட்டர் முதலில், மாஸ்க் அடுத்து. கைக்கட்டரில் தண்ணீர் விடும்போது மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இணைப்பு கட்டாயம் வேண்டும். செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் சிலிகா 90 சதவீதத்துக்கும் மேல்கூட இருக்கலாம். ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அதைத் தடைசெய்ததே இந்த நோயால்தான்.

பாலிஷ் வேலையில் எபாக்சி பசை, தின்னர் வாடை வந்தால் 2091-ம் 7093-ம் உதவாது. ஆவிக்கும் தூசிக்கும் சேர்த்து வரும் 60921 கார்ட்ரிட்ஜ் வேண்டும். இதை மாட்டிக்கொண்டு செப்டிக் டேங்கிலோ கிணற்றிலோ யாரையும் இறக்காதீர்கள். அங்கே ஆக்சிஜன் போதாமல் இருக்கலாம். வடிகட்டும் மாஸ்க் ஆக்சிஜனை உண்டாக்காது, ஆள் உயிர் போய்விடும்.

வேலை முடிந்ததும் ஃபில்டரைக் கழற்றிவிட்டு மாஸ்க்கை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். மூச்சு வெளியேறும் வால்வில் கல்மாவு ஒட்டினால் அது முழுதாக மூடாது, அந்த வழியே தூசி உள்ளே இழுபடும். வால்வு சுருங்கியோ வளைந்தோ இருந்தால் 6889 என்று கேட்டு அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், மாஸ்க்கைத் தூக்கிப் போடத் தேவையில்லை. காய்ந்தபின் மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். பட்டறை ஆணியில் தொங்கவிட்டால் உள்பக்கமே தூசி படிந்திருக்கும்.