உலக முடிவா, எல்லவா?

வன்னியில் நமக்கு உயரம் என்றால் குளக்கட்டுதான். அதனால் வாடகை வான் பிடித்து மலைநாடு போகிறவர்கள் கேட்பது ஒன்றே: ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவு என்னும் மலை விளிம்பா, எல்லவின் சின்னச் சிவனொளிபாதம் என்னும் சிறு மலையா?

செலவு: உலக முடிவுக்குத் தேசியப் பூங்கா டிக்கெட் வேண்டும். எல்லவில் ஏறுவதற்குக் கட்டணம் இல்லை.

நடை: உலக முடிவில் சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர். எல்லவில் தேயிலைத் தோட்டத்தினூடே ஒரு மணிநேரம்கூட இல்லை, கடைசியில் படிகள்.

காட்சி: உலக முடிவில் 800 மீட்டருக்கும் மேலான செங்குத்துச் சரிவு, கீழே வளவை கங்கைப் பக்கத்துத் தாழ்நிலம். ஆனால் காலை ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு பெரும்பாலும் மூடுபனிதான் தெரியும். முதல் நாளே நுவரெலியா போன்ற பக்கத்து ஊரில் தங்காவிட்டால் போவது வீண். எல்லவில் கிரிந்தி ஓயாப் பள்ளத்தாக்கு மாலையிலும் முகம் காட்டும்.

சாப்பாடு: பூங்கா வாசலில் பொலித்தீனை வாங்கிவிடுவார்கள். சோற்றுப் பார்சலை வாழையிலையில் கட்டுங்கள், ருசியும் கூடும்.

அம்மம்மாவும் சிறுபிள்ளைகளும் வந்தால் எல்ல. விடியுமுன் எழும்பும் இளவட்டம் என்றால் உலக முடிவுதான். கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம், வவுனியா வெயிலை நம்பிப் புறப்பட்டவர்கள் அங்கே நடுங்குவார்கள்.