கொழுப்பு மாத்திரையுடன் வரும் தகவல் தாள்: ஒரு மதிப்பீடு

கொழுப்பைக் குறைக்க அப்பா சாப்பிடும் சிம்வாஸ்டேட்டின் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தகவல் தாளையும் மருந்தின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன். அதனால் அதை வரிவரியாகப் படித்து, குறிப்பாக கிரேப்ஃப்ரூட் (திராட்சை அல்ல; ஆரஞ்சு இனத்தைச் சேர்ந்த, சற்றுக் கசக்கும் பழம்) பற்றி அது சொல்வதைக் கவனித்து, இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

மருந்து சாப்பிடும் காலத்தில் கிரேப்ஃப்ரூட் சாறு அருந்தக் கூடாது என்று தாள் ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடுகிறது. இது பாராட்டுக்குரியது. ஆனால் காரணத்தைச் சொல்லவில்லை. காரணம் தெரியாத தடையை மனிதர்கள் தங்கள் வசதிக்கேற்ப வளைத்துக்கொள்வார்கள் என்பதே என் கவலை.

விழுங்கிய சிம்வாஸ்டேட்டினின் பெரும்பகுதியைக் குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள சிஒய்பி3ஏ4 என்ற நொதி சிதைத்துவிடுவதால், 5 சதவீதத்துக்கும் குறைவான அளவே செயல்படும் வடிவில் ரத்தத்தைச் சென்றடைகிறது. மாத்திரையின் அளவே இந்த இழப்பைக் கணக்கில் கொண்டுதான் வகுக்கப்பட்டிருக்கிறது. கிரேப்ஃப்ரூட்டில் உள்ள ஃபியூரனோகூமரின்கள் என்ற வேதிப்பொருள்கள் குடல் சுவரிலுள்ள அந்த நொதியை மீளாதபடி முடக்கிவிடுகின்றன. நாளுக்கு 200 மி.லி. சாறு வீதம் 3 நாள் அருந்தியவர்களிடம் நடத்திய ஆய்வொன்றில், ரத்தத்தில் சிம்வாஸ்டேட்டினின் அளவு சுமார் 3.6 மடங்காக உயர்ந்தது. அளவு கூடும்போது தசை இழைகள் சிதையும் அபாயமும் கூடுகிறது. அரிதாக நேர்ந்தாலும், அந்தச் சிதைவு சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடியது.

முடங்கிய நொதிக்குப் பதிலாகக் குடல் புதிதாக உருவாக்கியாக வேண்டும் என்பதால், விளைவு ஓரளவு தணிந்தாலும் 24 மணி நேரத்துக்குப் பின்னும் நீடிக்கலாம். ஆகவே காலையில் சாறு, இரவில் மாத்திரை என்று இடைவெளி விடுவது பாதுகாப்பாகாது. இந்த ஒரு வரி தாளில் இல்லாததுதான் அதன் மிகப்பெரிய குறை. பம்பளிமாஸிலும் செவில் ஆரஞ்சு என்ற கசப்பு ஆரஞ்சிலும் அதே வகைப் பொருள்கள் இருப்பதையும் அது குறிப்பிடவில்லை. (வழக்கமாக உண்ணும் இனிப்பு ஆரஞ்சுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.)

விளக்கமில்லாத தசை வலி, தளர்ச்சி, அடர்நிறச் சிறுநீர் ஆகியவை தென்பட்டால் உடனே மருத்துவரை அணுகச் சொல்லும் பகுதி மிகத் தெளிவாக இருக்கிறது. அதைப் பழத்தைப் பற்றிய எச்சரிக்கைக்கு அருகிலேயே அச்சிட்டிருக்கலாம். எழுத்தின் அளவோ முதியவர்கள் படிக்கக்கூடியதாக இல்லை.

5-க்கு 3 மதிப்பெண் தருகிறேன். கொழுப்பைக் குறைக்கும் இதே வகை மருந்துகளில் லோவாஸ்டேட்டினுக்கும் இதே தடை பொருந்தும். அட்டோர்வாஸ்டேட்டினில் பாதிப்பு சற்றுக் குறைவு. பிரவாஸ்டேட்டினும் ரோசுவாஸ்டேட்டினும் சிதைவதற்கு சிஒய்பி3ஏ4 நொதியைப் பெரிதாக நம்பியிருப்பதில்லை என்பதால், பழம் அவற்றை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. பழத்தை விட மனமில்லாதவர் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாமல், மாற்று மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம் என்று அடுத்த பதிப்பிலாவது அச்சிட வேண்டும்.