பழைய பத்மினியை மறுபடி ஓட வைத்த மெக்கானிக் ஷெட்

பிரீமியர் பத்மினி கார் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், கொஞ்ச மாதம் ஓட்டாமல் நிறுத்தினால் போதும், அடம் பிடிக்கும். மழைக்காலம் முழுக்க நின்ற எங்கள் வண்டியைப் பார்க்க வந்த உள்ளூர் ஷெட்காரரின் வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது.

வந்ததும் அவர் சாவியைத் திருப்பவே இல்லை. ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, கையாலேயே எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார். காய்ந்த எஞ்சினை எடுத்தவுடன் ஸ்டார்ட்டர் போட்டு உருட்டினால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேயும் என்றார். அப்புறம் பேட்டரி. முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டியது 12-க்கும் கீழே கிடந்தது, அதைத் தனியாக சார்ஜில் போட்டுவிட்டு பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால், தொட்டு விலகும் மின் முனையான பாயிண்டில் பூஞ்சை மாதிரி வெள்ளைப் படலம். பொடி எமரி தாளால் தேய்த்ததும் தீப்பொறி நன்றாக வந்தது.

பழைய பெட்ரோலை மொத்தமாக வடித்து, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரையும் சுத்தம் செய்தார். இப்போது வருகிற இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் கெடுக்கும் என்று குழாயை மாற்றியே தீரவேண்டும் என்றார். சரியான பேச்சு.

குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கை இழுத்து சாவியைத் திருப்பினோம், பிடித்துக்கொண்டது!

குறை என்றால், சொன்ன நேரத்துக்கு வரமாட்டார், பில்லும் கேட்டால்தான் தருவார். கூலி நியாயம்தான். கழற்றிய பழைய பாகங்களை எல்லாம் நம் கையில் கொடுத்துவிடுகிறார், அது எனக்குப் பெரிய விஷயம்.