உம்லாங்கா பக்கம் மூளைப் படம் எடுக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

அப்பா போன பிறகு அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் விடியற்காலை மூன்று மணிக்கு விளக்கு எரியும். எட்டிப் பார்த்தால் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார். டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரையும் பெரிதாகக் கேட்கவில்லை. அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர் உம்லாங்கா பக்கம் இருக்கும் 'மூளை அலை' நிலையத்தைச் சொன்னார்.

தலையில் தொப்பி மாட்டி, பசை தடவி, மூளையின் மின் அலைகளைப் பதிவு (ஈஈஜி) எடுத்தார்கள். கணினியில் வரிசையாகத் தலை வட்டங்கள், அதில் ஒன்று முழுக்கச் சிவப்பு. "பீட்டா எகிறிக் கிடக்கிறது ஆன்ட்டி, உங்கள் கவலை நோய் இதுதான்" என்றார் அந்த ஆள். பீட்டா என்றால் வேகமான மூளை அலை. மூளை அலையை மாற்றும் பயிற்சியாம்: 20 அமர்வு, 18,000 ரேண்ட், முழுப் பணமும் முன்கூட்டியே. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) தந்துவிடும் என்றார். தரவில்லை, அது தனிக்கதை.

பத்தாவது அமர்வு முடிந்து இரண்டாவது படம். பீட்டாவைவிட மெதுவான ஆல்ஃபா அலை கூடிவிட்டதாம், மூளை அமைதியாகிவிட்டதாம். அம்மா அன்றைக்கும் மூன்று மணிக்கே எழுந்திருந்தார். காரில் வரும்போது கேட்டார்: "மொதல்ல கண்ணத் தொறந்து வெச்சுக்கச் சொன்னாங்க. இன்னைக்கு ஏன்டா மூடிக்கச் சொன்னாங்க?"

எனக்கு அப்போது உறைக்கவில்லை. பிறகு பார்த்த நரம்பியல் மருத்துவர் இதைக் கேட்டுச் சிரித்தேவிட்டார். கண்ணை மூடினாலே பெரும்பாலானவர்களுக்குப் பின்மண்டையில் ஆல்ஃபா எழும், நொடிக்கு 8 முதல் 13 தடவை. திறந்தால் அடங்கும். 1929-ல் ஹான்ஸ் பெர்கர் மனித மூளை அலைகளைப் பற்றி முதன்முதலில் எழுதிய காலத்திலேயே தெரிந்த சங்கதியாம்.

சரி, அந்தச் சிவப்பு? அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" அம்மாவின் தூக்க மாத்திரை பென்சோடயசெபின் வகை. அந்த வகை மாத்திரையே பீட்டாவைக் கூட்டும். நிலையத்தில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. ஈஈஜி வலிப்பைக் கண்டறிய உதவும், தூக்கத்தை ஆராய உதவும். அதை மட்டும் வைத்துக் கவலை நோய், மனச்சோர்வு என்று முத்திரை குத்த முடியாது என்றார். அலைப் பயிற்சியே பொய் என்று நான் சொல்ல வரவில்லை, அதில் ஆராய்ச்சி நடக்கிறது. எங்களுக்கு விற்றது இரண்டு விதமாக எடுத்த இரண்டு படங்களை.

பணம் கட்டும் முன் எச்பிசிஎஸ்ஏ (தென்னாப்பிரிக்காவில் மருத்துவத் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்யும் மன்றம்) பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள், யாரும் பார்க்கலாம். நான் கட்டிய பிறகுதான் தேடினேன். அந்த ஆளின் பெயர் அதில் இல்லை.

மீதிப் பணத்தைக் கேட்டதற்கு, பாக்கிப் பத்து அமர்வை வீட்டில் வேறு யாருக்காவது மாற்றித் தருகிறோம் என்றார்கள். எனக்கே தேவைப்படும்போல் இருக்கிறதாம்.