வடலூர் அடுப்பா, புதுச்சேரி மௌனமா?

வேலை கசந்தோ, ஓய்வு பெற்றோ, 'இனி எதற்காக வாழ்வது?' என்று தவிப்பவர்களுக்கு எங்கள் கடலூரைச் சுற்றி இரண்டு வழிகள் கண்ணெதிரே இருக்கின்றன.

1867 மே 23 அன்று வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. சாதி, ஊர் எதுவும் கேட்காமல் சோறு போடுகிறார்கள். அங்கே தொண்டுக்குப் போனால் வாழ்க்கையின் அர்த்தத்தைப் பற்றி யோசிக்க நேரமே இருக்காது. காய் நறுக்கணும், பரிமாறணும், இலை எடுக்கணும். பசியோடு வந்த ஒரு பெரியவர் இரண்டாம் முறை சோறு கேட்கும்போது மனசு நிறைவதை நான் அனுபவித்திருக்கிறேன். ஒரு குறையும் உண்டு: உள்ளே கிடக்கும் முடிச்சை அவிழ்க்காமலே வேலைக்குள் ஒளிந்துகொள்ளலாம்.

புதுச்சேரி வழி வேறு. 1910 ஏப்ரலில் இங்கு வந்த அரவிந்தர் அரசியலை விட்டு யோகத்தில் இறங்கினார். 1926 நவம்பருக்குப் பிறகு பெரும்பாலும் தனிமையில்தான் இருந்தார். ஆசிரமத்தில் அவர் சமாதி அருகே பேச்சில்லாமல் உட்கார்ந்தால் நம் கேள்வி நமக்கே கேட்கும்.

நான் முதலில் வடலூரைத்தான் சொல்வேன். அப்பா இறந்த வருஷம் தனியே உட்கார்ந்தபோதெல்லாம் அழுகைதான் வந்தது. பரிமாறப் போன பிறகுதான் இரவில் தூக்கம் பிடித்தது. 'இந்த வேலையை விடலாமா?' என்பதுபோல் கேள்வி தெளிவாக இருந்தால், நேரே புதுச்சேரிக்கு பஸ் ஏறுங்கள். வடலூருக்கு மட்டும் தைப்பூசக் கூட்டத்தில் போகாமல், சாதாரண நாள் ஒன்றில் போங்கள்.