உறுமலுக்கு வாங்கிய ஐசொலேட்டர்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

ஒலிக்கருவிகளில் எர்த் இணைப்புகள் வழியாக நுழையும் உறுமலை நிறுத்தும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவில் 450 ரூபாய்க்கு வாங்கி, ஆறு மாதங்களாக என் வீட்டு ஒலியமைப்பில் இடம் மாற்றி மாற்றிப் பொருத்திப் பயன்படுத்தி வருகிறேன். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி அது. ஒரு பக்கம் சிவப்பும் வெள்ளையுமாக ஒலிக்கருவிகளை இணைக்கும் ஆர்சிஏ வகைப் பின்கள் இரண்டும், மறுபக்கம் அவற்றுக்கு இணையான இரண்டு சாக்கெட்டுகளும், உள்ளே இடதுக்கு ஒன்றும் வலதுக்கு ஒன்றுமாக இரண்டு சிறு மின்மாற்றிகளும் உள்ளன. மேலே நிறுவனத்தின் பெயர் எதுவும் அச்சிடப்படவில்லை. மின் இணைப்புத் தேவையில்லை. ஒலிக்கம்பியின் நடுவே செருகிவிட்டால் போதும்.

இதை வாங்கத் தூண்டிய தொல்லையை முதலில் விவரித்துவிடுகிறேன். மூன்று பின் செருகி கொண்ட ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர், அலமாரியில் வைக்கும் அளவிலான ஒரு ஜோடி ஸ்பீக்கர்கள், ஓர் இசைத்தட்டுக் கருவி, கேபிள் இணைப்பும் செட் டாப் பாக்ஸும் உள்ள தொலைக்காட்சி ஆகியவையே என் அமைப்பு. தொலைக்காட்சியின் ஒலியையும் ஆம்ப்ளிஃபையர் வழியாகக் கேட்கலாம் என்று கம்பி இழுத்த நாளிலிருந்து, இடைவிடாத ஓர் உறுமல் குடியேறிவிட்டது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சிறிய ஸ்பீக்கர்கள் அந்த அடிப்படை ஒலியைப் பெரிதாக வெளியிடுவதில்லை. காதில் விழுவது அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் அதற்கு மேலுள்ள மடங்குகளும்தான். கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இது கூடுதல் வேதனை. ஆண் பாடகர் ஒருவர் 1 கட்டை சுருதியில் பாடினால் தம்புராவின் மந்தர பஞ்சமம், அதாவது கீழ் ஸ்தாயியின் ‘ப’, ஏறக்குறைய 98 ஹெர்ட்ஸில் நிற்கும். அதன் அருகிலேயே 100 ஹெர்ட்ஸ் உறுமலும் சேரும்போது, வினாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் ஓர் அலை தோன்றுகிறது. சுருதி சேராத ஐந்தாவது தந்தி ஒன்றை யாரோ விடாமல் மீட்டுவது போல இருக்கும். ஆலாபனையின் மௌனங்களில் அதைத் தவிர வேறெதுவும் கேட்காது.

ஐசொலேட்டரைக் குறை சொல்பவர்களில் பலர், உறுமலின் ஊற்று எதுவென்று பார்க்காமலேயே அதை வாங்கியவர்கள் என்பது என் எண்ணம். ஊற்றைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், பொறுமை போதும். முதலில் ஒலியளவுத் திருகியைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். உறுமல் அதனுடன் கூடிக் குறைந்தால், அது திருகிக்கு முன்னால், அதாவது உள்ளே வரும் கம்பிகள் வழியாக நுழைகிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே இருக்கிறது. பழைய கருவிகளில், மின்வழங்கியை வடிகட்டும் பெரிய மின்தேக்கிகள் வெப்பத்தில் உலர்ந்து திறன் இழந்திருக்கலாம். அந்நிலையில் எந்த ஐசொலேட்டரும் உதவாது, பழுதுநீக்குபவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். என் வீட்டில் உறுமல் திருகியுடன் கூடிக் குறைந்தது. எனவே ஆம்ப்ளிஃபையரை அணைத்து, உள்ளீட்டுக் கம்பிகள் அனைத்தையும் கழற்றி, ஆம்ப்ளிஃபையரை மட்டும் மீண்டும் இயக்கினேன். முழு அமைதி. பிறகு ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டு ஒவ்வொரு கம்பியாகச் சேர்த்தபோது, தொலைக்காட்சிக் கம்பி செருகிய உடனே உறுமல் திரும்பியது. தொலைக்காட்சியும் செட் டாப் பாக்ஸும் இயங்கிக்கொண்டிருக்க, சுவரிலிருந்து வரும் கேபிளை மட்டும் கழற்றினேன். உறுமல் அறுபட்டது.

காரணம் இதுதான். என் ஆம்ப்ளிஃபையரின் உலோகக் கூடு, மூன்றாவது பின் வழியாக எங்கள் கட்டடத்தின் எர்த் குழியுடன் இணைந்திருக்கிறது. தெருவிலிருந்து வரும் கேபிளின் நடுக் கம்பியைச் சுற்றியுள்ள உலோகப் பின்னலோ வேறெங்கோ தரையுடன் இணைந்திருக்கிறது. இரண்டு இடங்களின் தரை மின்னழுத்தமும் ஒன்றாக இருப்பதில்லை. அந்தச் சிறு வேறுபாடு, கேபிளின் பின்னல், செட் டாப் பாக்ஸ், தொலைக்காட்சி, ஆர்சிஏ கம்பியின் பின்னல், ஆம்ப்ளிஃபையர் எனச் சுற்றி ஒரு மின்னோட்டத்தை ஓட வைக்கிறது. ஆர்சிஏ கம்பியில் பின்னல்தான் ஒலிச் சமிக்ஞையின் திரும்பு வழியும்கூட என்பதால், அந்த மின்னோட்டம் பின்னலில் உண்டாக்கும் மின்னழுத்தம் அப்படியே இசையுடன் கலந்துவிடுகிறது.

ஐசொலேட்டர் இந்தச் சுற்றை வெட்டுகிறது. ஒரு சுருளில் வரும் ஒலி, காந்தப் புலத்தின் வழியாக மறுசுருளுக்குப் போகிறது. இரண்டு பக்கப் பின்னல்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லை. இல்லை என்பதை வாங்கும்போதே உறுதி செய்துகொள்ளுங்கள் என்பதுதான் இந்த மதிப்புரையில் நான் வற்புறுத்த விரும்பும் முதல் செய்தி. மல்ட்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதிக்கும் நிலையில் வைத்து, உள்ளீட்டின் வெளி வளையத்தையும் வெளியீட்டின் வெளி வளையத்தையும் தொட்டால் ஓசை வரக் கூடாது. கடைக்காரர் முகம் சுளிக்காமல் மீட்டரை எடுத்துக் கொடுத்தார். இடது, வலது இரண்டையும் சோதித்த பிறகே பணம் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து தொலைக்காட்சிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே செருகியபோது உறுமல் முற்றாக நின்றது. ஸ்பீக்கரின் மேல் காதை வைத்துக் கேட்டபோது மெல்லிய சீறல் மட்டுமே இருந்தது. அது எல்லா ஆம்ப்ளிஃபையர்களிலும் உள்ளது. எந்தப் பணிக்காக விற்கப்படுகிறதோ அந்தப் பணியை இந்தப் பெட்டி முழுமையாகச் செய்கிறது.

ஆனால் அது இசையிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு சிறிய இரும்பு உள்ளகத்தால் தாழ்ந்த ஒலிகளை உரத்த அளவில் சுமக்க முடியாது, அது காந்த நிறைவை, அதாவது அதற்கு மேல் காந்தமாக முடியாத எல்லையை, எட்டிவிடுகிறது. பேச்சிலும் செய்தியிலும் எந்த வேறுபாடும் தெரியவில்லை. தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் ஒன்றைக் கேட்டபோது குறை புலப்பட்டது. மிருதங்கத்தின் வலப் பக்கமான வலந்தலையின் சொற்கள் தெளிவாகவே இருந்தன. இடப் பக்கமான தொப்பியில் கும்கி என்னும் வளைந்த தாழ் நாதம் எழும்போதோ, வளைந்து ஏறவேண்டிய அந்த நாதம் மெலிந்து, விளிம்பில் சற்றுக் கரகரத்தது. ஐசொலேட்டரை எடுத்துவிட்டு, கேபிளைக் கழற்றிய நிலையில் அதே பகுதியை மீண்டும் கேட்டேன், கும்கி முழுமையாகத் திரும்பியது. பெரிய உள்ளகம் கொண்ட தரமான மின்மாற்றிகளில் இந்தக் குறை மிகவும் குறைவு, ஆனால் அவற்றின் விலை பல மடங்கு அதிகம்.

இசைத்தட்டுக் கருவியின் கம்பியிலும் இதைச் செருகிப் பார்த்தேன். அது தவறான பரிசோதனை, யாரும் செய்ய வேண்டாம். நகரும் காந்த வகை ஊசித் தலையிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே, அது எதிர்பார்ப்பது 47,000 ஓம் சுமை. இத்தகைய பெட்டி அந்தச் சமிக்ஞையைச் சிதைத்துவிடுகிறது. மேலும் இசைத்தட்டுக்கான முன்பெருக்கி, பதிவின்போது குறைக்கப்பட்ட தாழ் ஒலிகளை மீட்பதற்காக, 1,000 ஹெர்ட்ஸை ஒப்பிட 50 ஹெர்ட்ஸை ஏறக்குறைய 17 டெசிபல் உயர்த்துகிறது. ஆகவே அங்கே நுழையும் சிறு முனகலும் பூதாகாரமாகும். என் கருவியில் எஞ்சியிருந்த முனகலுக்குக் காரணம் வேறு: அதை ஆம்ப்ளிஃபையரின் மேலேயே வைத்திருந்தேன், கீழிருந்த மின்மாற்றியின் காந்தப் புலம் ஊசித் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டடி தள்ளி வைத்து, தனியாக வரும் எர்த் கம்பியை அதற்குரிய திருகில் இறுக்கியதும் சரியானது. செலவு எதுவுமில்லை.

தொலைக்காட்சிக்கு நிலையான தீர்வாக அமைந்தது ஆப்டிகல் கம்பி. ஒளியாகச் செல்லும் சமிக்ஞைக்குப் பின்னலும் இல்லை, எர்த்தும் இல்லை. என் ஆம்ப்ளிஃபையரில் அதற்கான துளை இல்லாததால், டிஜிட்டல் ஒலியை அனலாகாக மாற்றும் ஒரு சிறு பெட்டியைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. கும்கி குறைவின்றி வருகிறது. கேபிளின் மீதே பொருத்தும் ஐசொலேட்டர்களும் உண்டு. ஆனால் டிடிஎச் இணைப்பு உள்ளவர்கள் அவற்றை வாங்குமுன் யோசிக்க வேண்டும். கூரையிலுள்ள தட்டின் முனைக் கருவிக்கு வேண்டிய 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அதே கம்பியில்தான் மேலே போகிறது. அதைத் தடுத்துவிட்டால் படமே வராது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உறுமலைப் பற்றி விசாரித்தபோது என்னைப் பார்க்க வந்த மெக்கானிக் ஒருவர், ஆம்ப்ளிஃபையரின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் போதும் என்றார். உறுமல் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே ஒரு நாள் மின்கம்பி விடுபட்டு உலோகக் கூட்டைத் தொட்டால், 230 வோல்ட் அந்தக் கூட்டிலேயே காத்திருக்கும். தொடும் கை வழியாகத்தான் அது தரைக்குப் போகும். வீட்டில் குழந்தைகள் ஆம்ப்ளிஃபையரைத் தொடுகிறார்கள். ஐசொலேட்டர் வெட்டுவது ஒலிக்கம்பியின் பின்னலை மட்டுமே, பாதுகாப்புக்கான எர்த்தை அது தொடுவதேயில்லை. எத்தனை குறை சொன்னாலும் 450 ரூபாய்க்கு இது பெரிய நன்மை, எர்த் பின்னைக் கழற்ற நினைப்பவர் எவரும் அதற்குப் பதிலாக இதை வாங்கலாம்.

கட்டமைப்பைப் பொறுத்தவரை, ஆர்சிஏ சாக்கெட்டுகள் மூன்றாம் மாதத்திலேயே தளர்ந்துவிட்டன. வலப் பக்கம் ஒருமுறை ஒலி விட்டுவிட்டு வந்தது, பின்னைச் சற்று நெருக்கியதும் சரியாகிவிட்டது. இப்போது அந்தப் பெட்டி என் மகளின் மடிக்கணினிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே இருக்கிறது. சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் எழுந்த இரைச்சலை அது நிறுத்திவிட்டது. அவள் கேட்பவை பெரும்பாலும் பாடச் சொற்பொழிவுகள்.